நிலநடுக்கத்தின் ஆழம் எப்படிக் கணிக்கப்படுகிறது? தில்லித் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

2025 பிப்ரவரி 17-ஆம் தேதி அதிகாலை 5.36 மணிக்குத் தில்லி குலுங்கியபோது, ராமகிருஷ்ணபுரத்தில் எங்கள் வீட்டுச் சமையல் மேடையில் காபி ஃபில்டரில் டிகாஷன் இறங்கிக்கொண்டிருந்தது. தரைக்கு அடியில் யாரோ கனமான மூட்டையைப் போட்டதைப் போல முதலில் ‘தொம்’ என்று ஓர் ஓசை எழுந்தது. அது அடங்குவதற்குள் டவராவுக்குள் இருந்த டம்ளர் கடகடவென்று ஆடி நின்றது. சற்று நேரத்தில் குடியிருப்பில் உள்ளவர்கள் எல்லாரும் கீழே பூங்காவில் கூடிவிட்டோம். பக்கத்து வீட்டு மாமி கைப்பேசியை என்னிடம் நீட்டி, “தௌலா குவான் பக்கம், ஆழம் அஞ்சு கிலோமீட்டர்னு போட்டிருக்கே, யாரு சார் உள்ளே இறங்கிப் பார்த்தா?” என்று கேட்டார்.

மிகச் சரியான கேள்வி அது. நிலநடுக்கம் பற்றிய செய்தியில் வரும் எண்களில் நேரம், இடம், அளவு ஆகிய மூன்றையும் விட, ஆழத்தைக் கண்டறிவதுதான் கடினம். பள்ளியில் பல ஆண்டுகள் இயற்பியல் கற்பித்தவன் என்பதால், அன்று தொடங்கி நண்பர்களும் உறவினர்களும் என்னிடம் கேட்டுவரும் கேள்விகளையும் அவற்றுக்கான விடைகளையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

செய்தியில் வரும் ‘ஆழம்’ எங்கிருந்து எதுவரை?

நிலத்தடியில் பாறை முதன்முதலில் உடையத் தொடங்கிய புள்ளியைக் குவியம் என்றும், அதற்கு நேர் மேலே நிலப்பரப்பில் இருக்கும் இடத்தை மேல்மையம் என்றும் சொல்கிறோம். தொலைக்காட்சி வரைபடத்தில் சிவப்பு வட்டங்களுக்கு நடுவே காட்டப்படுவது மேல்மையம். அந்த இரண்டுக்கும் இடையே செங்குத்தாக உள்ள தொலைவே ஆழம்.

பெரிய நிலநடுக்கத்தில் பாறை ஒரு புள்ளியில் மட்டும் உடைவதில்லை. 2015 ஏப்ரல் 25-ஆம் தேதி நேபாளத்தின் கோர்க்கா மாவட்டத்தில் தொடங்கிய உடைப்பு, கிழக்கு நோக்கி ஏறத்தாழ 150 கி.மீ. நீளத்துக்கு ஓடியது. அத்தகைய நிகழ்வில் ‘ஆழம்’ என்பது உடைப்பு தொடங்கிய இடத்தின் ஆழமாகவும் இருக்கலாம், வெளிப்பட்ட ஆற்றலின் சராசரி மையத்தின் ஆழமாகவும் இருக்கலாம். ஒரே நிலநடுக்கத்துக்கு இவ்விரண்டு எண்களும் தனித்தனியாக வெளியிடப்படுவது உண்டு. இரண்டும் வேறுபட்டால் ஒன்று பிழை என்று கொள்ள வேண்டியதில்லை. மேலும், ஆழம் பெரும்பாலும் கடல் மட்டத்திலிருந்தே கணக்கிடப்படுகிறது. தில்லி கடல் மட்டத்திலிருந்து 200 மீட்டருக்குச் சற்றே கூடுதலான உயரத்தில் இருப்பதால் நமக்கு இது பெரிய வேறுபாட்டைத் தராது. ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் லேயில் ஆழம் குறைந்த ஒரு நடுக்கத்தைப் பற்றிப் பேசும்போது இதைக் கவனிக்காமல் இருக்க முடியாது.

யாரும் இறங்கிப் பார்க்காமல் ஆழத்தை எப்படித்தான் கண்டுபிடிக்கிறார்கள்?

மின்னல் தெரிந்ததும் விநாடிகளை எண்ணத் தொடங்கி, இடி கேட்கும்வரை எண்ணி, இடி எவ்வளவு தொலைவில் விழுந்தது என்று சொல்வதை நம்மில் பலர் சிறுவயதில் செய்திருப்போம். ஒளி உடனே வருகிறது, ஒலி பின்தங்கி வருகிறது, இரண்டுக்கும் உள்ள இடைவெளியே தொலைவைச் சொல்கிறது. நிலநடுக்கத்திலும் இதே கணக்குத்தான். பாறை உடையும்போது இரண்டு வகை அலைகள் ஒரே கணத்தில் புறப்படுகின்றன. பாறையை அழுத்தியும் தளர்த்தியும் செல்லும் முதன்மை அலை, மேலோட்டுப் பாறையில் விநாடிக்கு ஏறத்தாழ 6 கி.மீ. வேகத்தில் போகிறது. பாறையைப் பக்கவாட்டில் அசைத்துச் செல்லும் இரண்டாம் நிலை அலையின் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 3.5 கி.மீ. மட்டுமே. எனவே இரண்டு அலைகளும் வந்து சேர்வதற்கு இடைப்பட்ட ஒவ்வொரு விநாடிக்கும் ஏறத்தாழ 8 கி.மீ. தொலைவு என்று கணக்கிடலாம்.

எங்கள் வீட்டில் கேட்ட ‘தொம்’ ஓசை முதல் அலை. டம்ளரை ஆட்டியது இரண்டாவது அலை. மேல்மையத்திலிருந்து நாங்கள் 4 கி.மீ. தள்ளி இருந்தோம் என்றும், தேசிய நிலநடுக்கவியல் மையம் சொன்னபடி ஆழம் 5 கி.மீ. என்றும் வைத்துக்கொண்டால், குவியத்திலிருந்து எங்கள் சமையல் மேடை வரை சாய்வாக அளந்த தொலைவு 6.4 கி.மீ. ஆகிறது. இரண்டு அலைகளுக்கும் இடையே முக்கால் விநாடி இருந்திருக்க வேண்டும். ஓசை அடங்குவதற்குள் டம்ளர் ஆடியதற்கு அதுவே காரணம்.

இந்தக் கணக்கில் கிடைப்பது சாய்வுத் தொலைவு. ஒரே ஒரு நில அதிர்வுமானியை வைத்துக்கொண்டு, ‘குவியம் என்னிடமிருந்து 6.4 கி.மீ. தொலைவில் இருக்கிறது’ என்று மட்டுமே சொல்ல முடியும். அது எந்தத் திசையில், எவ்வளவு கீழே என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு நிலையத்தையும் நடுவில் வைத்து நிலத்துக்குள் ஓர் அரைக்கோளத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். நான்கைந்து நிலையங்களின் அரைக்கோளங்கள் எங்கே ஒன்றையொன்று வெட்டுகின்றனவோ, குவியம் அங்கே இருக்கிறது. நடைமுறையில் கணினி முதலில் ஓர் இடத்தையும் நேரத்தையும் உத்தேசமாக வைத்துக்கொண்டு, அங்கிருந்து அலை ஒவ்வொரு நிலையத்துக்கும் எப்போது வந்திருக்க வேண்டும் என்று கணக்கிடுகிறது. உண்மையில் வந்த நேரத்தோடு ஒப்பிட்டு, வேறுபாடு குறையும் பக்கமாக உத்தேசத்தை நகர்த்தி, மீண்டும் மீண்டும் அதையே செய்கிறது. லுட்விக் கைகர் என்ற ஆய்வாளர் நூறாண்டுகளுக்கு முன் வகுத்த வழி இது. இன்றும் இதன் மேம்பட்ட வடிவங்களே பயன்பாட்டில் இருக்கின்றன.

இடத்தைத் துல்லியமாகச் சொல்ல முடிகிறபோது, ஆழத்தை மட்டும் ஏன் சொல்ல முடிவதில்லை?

இந்தப் பக்கத்தில் நான் மிகவும் வலியுறுத்த விரும்புவது இதைத்தான். ஆகவே சற்றே நீட்டி எழுதுகிறேன்.

நில அதிர்வுமானிகள் பெரும்பாலும் நிலத்தின் மேலேதான் இருக்கின்றன. குவியத்துக்குக் கீழே ஒன்றுகூட இல்லை. வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என்று நாலாபுறமும் நிலையங்கள் இருந்தால், மேல்மையத்தை அவை சுற்றி வளைத்துப் பிடித்துவிடும். ஆழத்தை அப்படிச் சுற்றி வளைக்க முடியாது. ஒரு கிணற்றின் ஆழத்தை அறியக் கல்லைப் போட்டு, ‘தொபுக்’ என்று கேட்கும்வரை எண்ணுவோம் அல்லவா? கல்லை எப்போது கைவிட்டார்கள் என்பது தெரியாமல், விழுந்த ஓசையை மட்டும் கேட்டு ஆழத்தைச் சொல்லுமாறு ஒருவர் கேட்டால் என்ன செய்வது? கிணறு ஆழமானது, கல்லை முன்பே போட்டுவிட்டார்கள் என்றும் சொல்லலாம். ஆழம் குறைவு, சற்றுப் பிந்திப் போட்டார்கள் என்றும் சொல்லலாம். ஒரே ஓசைக்கு இரண்டு விளக்கங்களும் பொருந்தும். நிலநடுக்கம் தொடங்கிய கணமும் நமக்கு முன்கூட்டித் தெரியாது, அதையும் கணக்கிட்டே அறிய வேண்டியிருக்கிறது. எனவே ஆழத்தில் செய்யும் பிழையும் நேரத்தில் செய்யும் பிழையும் ஒன்றையொன்று மறைத்துக்கொள்கின்றன.

இதை எண்களில் பார்ப்போம். மேல்மையத்திலிருந்து 100 கி.மீ. தள்ளி ஒரு நிலையம் இருக்கிறது என்று கொள்வோம். குவியத்தின் ஆழம் 5 கி.மீ. என்றால் சாய்வுத் தொலைவு 100.1 கி.மீ.; ஆழம் 15 கி.மீ. என்றால் 101.1 கி.மீ. ஆழம் மூன்று மடங்கு ஆனபோதும் தொலைவு ஒரே ஒரு கி.மீ. கூடியிருக்கிறது, முதன்மை அலை வந்து சேரும் நேரம் ஆறில் ஒரு விநாடி மட்டுமே மாறுகிறது. அதே வேளையில், வழியில் உள்ள பாறையில் அலையின் வேகம் 6 கி.மீ. என்று நாம் நினைத்திருக்க, உண்மையில் 5.8 கி.மீ.யாக இருந்துவிட்டால், நேரம் அரை விநாடிக்கும் மேல் மாறிவிடும். அதாவது, பாறையைப் பற்றிய நம் அறிவில் உள்ள சிறு குறை, ஆழம் தரும் அடையாளத்தைவிட மூன்று மடங்குக்கும் மேல் பெரிதாகிவிடுகிறது. தூரத்தில் பேரிரைச்சல் இருக்க, பக்கத்தில் ஒருவர் முணுமுணுப்பதைக் கேட்கும் நிலைதான் அது.

இனி, அதே நிலையம் மேல்மையத்திலிருந்து 5 கி.மீ. தொலைவிலேயே இருக்கட்டும். ஆழம் 5 கி.மீ. என்றால் சாய்வுத் தொலைவு 7 கி.மீ.; 15 கி.மீ. என்றால் கிட்டத்தட்ட 16 கி.மீ. அலை வந்து சேரும் நேரம் ஒன்றரை விநாடி மாறுகிறது. இதை எந்தக் கருவியும் தவறவிடாது. ஆகவே ஆழத்தை நம்பிக்கையோடு சொல்ல, மேல்மையத்துக்கு மிக அருகில், ஆழத்தின் அளவை விட அதிகம் தள்ளிப்போகாத தொலைவில், ஒரு நிலையமாவது இருக்க வேண்டும் என்பது இத்துறையினரின் நடைமுறை விதி. தில்லியைச் சுற்றி நிலையங்கள் நெருக்கமாக இருப்பதால், இங்கே ஏற்படும் நடுக்கத்தின் ஆழம் ஓரளவு நம்பத்தக்கதாகவே கிடைக்கிறது. நடுக்கடலிலோ ஆள் நடமாட்டமில்லாத மலைப்பகுதியிலோ அந்த வசதி இல்லை.

பல செய்திகளில் ‘ஆழம் 10 கி.மீ.’ என்றே வருகிறதே, எல்லா நிலநடுக்கமும் அதே ஆழத்திலா ஏற்படுகிறது?

இல்லை. மேலே சொன்ன காரணத்தால் கணக்கு ஆழத்தைக் கொடுக்க மறுக்கும்போது, ஆய்வாளர்கள் நியாயமான ஓர் எண்ணை நிலையாக வைத்துக்கொண்டு, இடத்தையும் நேரத்தையும் மட்டும் கணக்கிடுகிறார்கள். அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனம் இதற்குப் பெரும்பாலும் 10 கி.மீ. என்ற எண்ணைப் பயன்படுத்துகிறது. முன்பு 33 கி.மீ. என்பது வழக்கத்தில் இருந்தது. பழைய பட்டியல்களைப் புரட்டினால், நூற்றுக்கணக்கான நிலநடுக்கங்கள் மிகச் சரியாக 33 கி.மீ. ஆழத்தில் வரிசையாக நிற்பதைக் காணலாம்.

எனவே 5, 10 போன்ற முழு எண்களைக் காணும்போது, ‘இது ஆழம் குறைந்த வகையைச் சேர்ந்தது’ என்ற அளவில் எடுத்துக்கொள்வதே முறை என்பது என் கருத்து. கணக்கிட்டே 10 என்று வந்திருக்கவும் கூடும். முழுப் பட்டியலில் ஆழத்தின் பக்கத்தில் தரப்படும் பிழை வரம்பைப் பார்த்தால் எது எது என்று தெரிந்துவிடும். நாளிதழ்கள் அந்த ஒரு சிறு எண்ணையும் சேர்த்து அச்சிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்கிறேன்.

மிகத் தொலைவில், கடலுக்கு அடியில் நடந்தால் என்ன செய்வார்கள்?

அங்கே ஓர் அழகான வழி இருக்கிறது. குவியத்திலிருந்து முதன்மை அலை எல்லாத் திசைகளிலும் புறப்படுகிறது. கீழ்நோக்கிச் செல்லும் பகுதி புவியின் உட்புறத்தில் வளைந்து, பல ஆயிரம் கி.மீ. தள்ளியுள்ள நிலையத்துக்கு நேராக வந்து சேர்கிறது. மேல்நோக்கிச் செல்லும் பகுதி நிலப்பரப்பில் மோதித் திரும்பி, பிறகு அதே வழியைப் பிடித்து, சற்றே தாமதமாக வந்து சேர்கிறது. இது ஓர் எதிரொலி. நேர் அலைக்கும் எதிரொலிக்கும் உள்ள இடைவெளி, குவியத்திலிருந்து மேற்பரப்புக்குப் போய்வரும் கூடுதல் பயணத்துக்கு ஆன நேரமே ஆகும். ஆழம் 10 கி.மீ. என்றால் இடைவெளி சுமார் 3 விநாடி; 100 கி.மீ. என்றால் சுமார் 25 விநாடி, 600 கி.மீ. என்றால் இரண்டு நிமிடத்துக்கும் மேல்.

இதன் சிறப்பு என்னவென்றால், கல்லை எப்போது போட்டார்கள் என்ற கேள்வியே இங்கு எழுவதில்லை. இரண்டு அலைகளும் ஒரே கணத்தில் புறப்பட்டவை என்பதால், கழிக்கும்போது அந்தத் தெரியாத நேரம் தானாகவே நீங்கிவிடுகிறது. ஆனால் ஆழம் மிகக் குறைவாக இருந்தால், எதிரொலி நேர் அலையின் வாலிலேயே கலந்துவிடும். அப்போது அலையின் முழு வடிவத்தையும் கணினியில் பல ஆழங்களுக்கு வரைந்து பார்த்து, பதிவோடு எது ஒத்துப்போகிறது என்று தேர்ந்தெடுப்பார்கள். நிலம் உயர்ந்தும் தாழ்ந்தும் இருப்பதை ரேடார் செயற்கைக்கோள் வழியே அளந்து, எவ்வளவு ஆழத்தில் பாறை நழுவியிருந்தால் மேலே இந்த அளவு நெளிவு தெரியும் என்று கணக்கிடுவதும் உண்டு.

ஒரே நிலநடுக்கத்துக்கு இரண்டு நிறுவனங்கள் இரண்டு ஆழம் சொல்வது ஏன்?

2023 மார்ச் 21-ஆம் தேதி இரவு ஆப்கானிஸ்தானின் ஹிந்துகுஷ் மலைப்பகுதியில் ஏற்பட்டு, தில்லியில் பலரை வீதிக்கு வரவழைத்த நிலநடுக்கம் நினைவிருக்கும். நம் தேசிய நிலநடுக்கவியல் மையம் அதன் ஆழத்தை 156 கி.மீ. என்றது, அமெரிக்க நிறுவனம் ஏறத்தாழ 187 கி.மீ. என்றது. 30 கி.மீ. வேறுபாடு பெரிதாகத் தோன்றலாம். இரு நிறுவனங்களும் பயன்படுத்திய நிலையங்கள் வேறு, பாறை வேகத்துக்கு எடுத்துக்கொண்ட மாதிரி வேறு. அத்துடன் முதல் சில நிமிடங்களில் வெளியாகும் எண், பின்னர் வரும் பதிவுகளைச் சேர்த்துத் திருத்தப்படுவது. மேலோட்டுக்குக் கீழே இருக்கும் தடித்த பாறை அடுக்கைக் கவசம் என்கிறோம். ‘கவசத்தின் மேல்பகுதியில், நடுத்தர ஆழத்தில்’ என்பதில் இருவருமே ஒத்துப்போகிறார்கள். அறிவியல் முடிவுக்குத் தேவையானது பெரும்பாலும் அதுவே.

அதிகபட்சம் எவ்வளவு ஆழத்தில் நிலநடுக்கம் ஏற்படும்?

ஏறத்தாழ 700 கி.மீ. வரை. 70 கி.மீ. வரை ஆழம் குறைந்தவை, 300 கி.மீ. வரை நடுத்தர ஆழம் கொண்டவை, அதற்குக் கீழே ஆழமானவை என்று மூன்றாகப் பிரிப்பது வழக்கம். 1994 ஜூன் 9-ஆம் தேதி பொலிவியாவிலும், 2013 மே 24-ஆம் தேதி ரஷ்யாவின் ஒகோட்ஸ்க் கடலுக்கு அடியிலும், 8-க்கு மேற்பட்ட அளவில், 600 கி.மீ. ஆழத்தை ஒட்டிப் பெரும் நிலநடுக்கங்கள் ஏற்பட்டன. இரண்டாவதை மாஸ்கோவில்கூட உணர்ந்தார்கள்.

அவ்வளவு ஆழத்தில் பாறை சூட்டில் குழைந்து, உடையாமல் நகர வேண்டும். அதனாலேயே, 1922-இல் ஆங்கிலேய வானியலாளர் ஹெர்பர்ட் ஹால் டர்னர், அலைகள் வந்து சேர்ந்த நேரங்களை வைத்து, சில நிலநடுக்கங்கள் மிக ஆழத்தில் நடப்பதாகச் சொன்னபோது பலர் ஏற்கவில்லை. சில ஆண்டுகளில் ஜப்பானின் கியோ வடாட்டி அதை ஐயத்துக்கு இடமின்றி நிறுவினார். குறிப்பிட்ட சில நிலநடுக்கங்களில், மேல்மையத்துக்கு மிக அருகில் இருந்த நிலையத்தில்கூட முதன்மை அலைக்கும் இரண்டாம் நிலை அலைக்கும் இடையே நீண்ட நேரம் இருந்ததை அவர் கவனித்தார். பக்கவாட்டில் தொலைவு இல்லாதபோது அந்த இடைவெளி ஆழத்திலிருந்து மட்டுமே வந்திருக்க முடியும். எங்கள் சமையல் மேடையில் முக்கால் விநாடியாக இருந்த அதே கணக்குத்தான் அங்கே பல பத்து விநாடிகளாக நீண்டிருந்தது.

இந்த ஆழமான நிலநடுக்கங்கள், பழைய கடல்தளம் குளிர்ந்த பலகையாகக் கவசத்துக்குள் அமிழும் இடங்களில் மட்டுமே ஏற்படுகின்றன. பலகை உள்ளே போகப்போக, கனிமங்களில் பிணைந்திருக்கும் நீர் வெளியேறுவதும், ஆலிவின் என்ற கனிமம் அழுத்தத்தால் வேறு படிகமாக மாறுவதும் அங்கே பாறை உடையக் காரணமாகலாம் என்று கருதுகிறார்கள்.

தில்லியில் ஏற்படும் நடுக்கங்கள் எல்லாம் ஆழம் குறைந்தவையாக இருப்பது ஏன்? அன்று சத்தம் கேட்டதற்கும் அதற்கும் தொடர்பு உண்டா?

நமக்குக் கீழே இருப்பது அரவல்லி மலைத்தொடரோடு சேர்ந்த பழைய கண்டப்பாறை. கீழே செல்லச் செல்ல வெப்பம் கூடுகிறது. 300 முதல் 350 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் மேலோட்டில் நிறைந்திருக்கும் குவார்ட்ஸ் பாறை நொறுங்குவதற்குப் பதிலாகக் குழைந்து இழுபடத் தொடங்கும். கண்ணாடிக் குழாயைச் சூடாக்கினால் உடையாமல் வளைவதைப் போன்றது இது. எனவே இத்தகைய நிலத்தில் பெரும்பாலான நடுக்கங்கள் மேல் இருபது கி.மீ. தடிப்புக்குள் அடங்கிவிடுகின்றன. 2025 ஜூலை 10-ஆம் தேதி ஹரியானாவின் ஜஜ்ஜரில் ஏற்பட்ட 4.4 அளவிலான நடுக்கத்துக்கும் 10 கி.மீ. ஆழமே அறிவிக்கப்பட்டது.

சத்தத்துக்கும் தொடர்பு உண்டு. பாறை உடையும்போது எழும் வேகமான அதிர்வுகள், நெடுந்தொலைவு பயணம் செய்தால் வழியிலேயே தேய்ந்துவிடும். குவியம் அருகில் இருந்தால் அவை தேயாமல் மேலே வந்து, தரையை ஒரு முரசின் தோலைப் போல அதிரவைத்து, காற்றில் ஒலியாகின்றன. அன்று காலை பலர் ‘ரயில் அடியில் ஓடுவதைப் போல’ என்று சொன்னது மிகையில்லை.

200 கி.மீ. ஆழத்தில், ஆயிரம் கி.மீ. தள்ளி நடந்தால் தில்லியில் மின்விசிறி ஏன் ஆடுகிறது?

2015 அக்டோபர் 26-ஆம் தேதி ஹிந்துகுஷில் 7.5 அளவில், 200 கி.மீ.க்கும் கீழே ஏற்பட்ட நிலநடுக்கத்தை இதற்கு எடுத்துக்கொள்ளலாம். ஆயிரம் கி.மீ. தள்ளியிருக்கும் நமக்கு, குவியம் 10 கி.மீ. ஆழத்தில் இருந்தாலும் 200 கி.மீ. ஆழத்தில் இருந்தாலும் சாய்வுத் தொலைவு 20 கி.மீ.தான் மாறுகிறது. எனவே ஆழம் நம்மைக் காப்பாற்றுவதில்லை. அலைகள் கவசத்தின் வழியே அதிகம் தேயாமல் வருகின்றன. வந்து சேரும் இடத்தில் யமுனையின் வண்டல் அவற்றைப் பெருக்குகிறது. மயூர் விஹார், திரிலோக்புரி போன்ற ஆற்றோரப் பகுதிகளில் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் மேல்தளங்களில் இருப்பவர்கள், ரிட்ஜ் எனப்படும் தில்லியின் பாறை மேட்டின்மேல் இருப்பவர்களைவிட அதிகமாக உணர்வதற்கு இதுவும் ஒரு காரணம். அத்தகைய நிகழ்வில் முதன்மை அலைக்கும் இரண்டாம் நிலை அலைக்கும் இடையே ஒன்றரை நிமிடம்வரை இருக்கும். மெல்லிய முதல் அசைவை உணர்ந்தவர்களுக்குப் படியிறங்க அந்த நேரம் போதும்.

ஆழம் குறைந்தால் சேதம் கூடுமா?

மேல்மையத்துக்கு அருகில் இருப்பவர்களுக்கு, ஆம். 1993 செப்டம்பர் 30-ஆம் தேதி விடியுமுன் மகாராஷ்டிரத்தின் கில்லாரியில் 6.2 அளவில் ஏற்பட்ட நிலநடுக்கம், மிகக் குறைந்த ஆழத்தில் நடந்ததால் நிலத்தின் மேலேயே விரிசல்களைத் தோற்றுவித்தது. கிட்டத்தட்ட 10,000 பேர் உறக்கத்திலேயே மாண்டார்கள். மேலே சொன்ன 2015 ஹிந்துகுஷ் நிலநடுக்கம் அதைவிட ஏறத்தாழ 90 மடங்கு ஆற்றலை வெளியிட்டது; உயிரிழந்தவர்கள் சுமார் 400 பேர். இந்த வேறுபாட்டில் ஆழத்துக்குப் பெரும்பங்கு உண்டு. ஆனால் கில்லாரியில் மண்சாந்தில் அடுக்கிய கனமான கருங்கல் சுவர்கள்தாம் மக்கள்மேல் சரிந்தன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். எண்களை மட்டும் பார்த்து அந்தச் சுவர்களை மறந்துவிடுவது எனக்கு வருத்தம் தரும் பழக்கம்.

ஆழத்தைப் பார்த்தே சுனாமி வருமா என்று சொல்லிவிடலாமா?

சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் உறவினர் இருப்பவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி இது. ஆழம் அதிகமென்றால் கடல்தளம் பெரிதாக அசையாது; ஆகவே கவலை குறையும். ஆழம் குறைவென்றால் மட்டும் சுனாமி உறுதி என்று சொல்ல முடியாது. 2004 டிசம்பர் 26-ஆம் தேதி சுமத்ராவை ஒட்டி நடந்த நிலநடுக்கமும், 2012 ஏப்ரல் 11-ஆம் தேதி அதே பகுதியில் 8.6 அளவில் நடந்ததும், இரண்டுமே ஆழம் குறைந்தவை. முதலாவதில் கடல்தளம் மேலே தூக்கப்பட்டது; இரண்டாவதில் பாறைகள் பக்கவாட்டில் உரசி நகர்ந்தன. அதனால் 2012-இல் எச்சரிக்கை விடப்பட்டு, சென்னைக் கடற்கரையிலிருந்து மக்கள் வெளியேறியபோதும் பேரலை வரவில்லை.

அணுகுண்டுச் சோதனையா நிலநடுக்கமா என்று ஆழம் சொல்லுமா?

சொல்லும். மனிதன் இதுவரை தோண்டிய மிக ஆழமான துளை, ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் உள்ள 12,262 மீட்டர் துளையாகும். எனவே பல பத்து கி.மீ. ஆழத்தில் நடந்தது என்று உறுதியாகத் தெரிந்துவிட்டால் அது வெடிப்பாக இருக்க வழியில்லை. பெங்களூருக்கு வடக்கே கௌரிபிதனூரில், 1960-களில் பாபா அணு ஆராய்ச்சி மையம் அமைத்த நில அதிர்வுமானி வரிசையின் முதன்மை நோக்கங்களில் வெடிப்பையும் நடுக்கத்தையும் பிரித்தறிவது ஒன்று.

உண்மையிலேயே யாராவது உள்ளே இறங்கிப் பார்த்ததுண்டா?

மாமியின் கேள்வி மீண்டும் வந்துவிட்டது. மகாராஷ்டிரத்தின் கொய்னா அணைப் பகுதியில், 1967-ஆம் ஆண்டின் பெரிய நிலநடுக்கத்துக்குப் பிறகும் நடுக்கங்கள் தொடர்வதால், அங்கே சுமார் 3 கி.மீ. ஆழத்துக்குச் சோதனைத் துளை போட்டுப் பாறையின் வெப்பத்தையும் அழுத்தத்தையும் ஆராய்கிறார்கள். அங்கே கீழே போவது கருவிகள்.

மனிதர்கள் இறங்கிய இடம் கோலார் தங்கவயல். அங்கே சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கி.மீ.க்கும் அதிக ஆழம் கொண்டது. வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் போன தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே உழைத்தன. மேலே உள்ள பாறையின் சுமை தாங்காமல் சுரங்கச் சுவர் திடீரென்று வெடித்துச் சிதறும். ‘ராக் பர்ஸ்ட்’ என்பார்கள். மேலே ஊருக்குள் வீடுகள் அதிரும். சுரங்கத்தைச் சுற்றி அதிர்வுமானிகளை வைத்து, எந்த ஆழத்தில் வெடித்தது என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். நிலநடுக்க ஆய்வில் மிக அரிதாகக் கிடைக்கும் வாய்ப்பு அது. கணக்கில் வந்த ஆழம் சரியா என்பதை, அந்த மட்டத்துக்கு இறங்கி, சரிந்து கிடந்த கற்களைத் தம் கையால் அகற்றியவர்கள் சொல்ல முடிந்தது.